12 என்று போட்டிருந்தால் தூரம் போகுமா? டிஸ்க் கோல்ஃப் தட்டு பறக்கும் விதம்

2021 ஜூன் மாதம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஆக்டன் நகரில், டிஸ்க் கோல்ஃப் உலகச் சாம்பியன் போட்டியின் கடைசி நாள், கடைசிக் குழி. ஜேம்ஸ் கான்ராட் ஒரே ஒரு வீச்சு பின்தங்கியிருக்கிறார். முன்னால் இருப்பவர் பால் மெக்பெத். கூடைக்கும் கான்ராடுக்கும் இடையே 247 அடி, அதாவது சுமார் 75 மீட்டர். அங்கிருந்து எறிவது நேராகக் கூடைக்குள் விழுந்தால்தான் சமன் செய்ய முடியும். விழுந்தது. கூடுதலாக ஆடிய குழியிலும் ஜெயித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

இந்தக் காணொளியை முதன்முதலில் பார்த்தபோது, அது ஏதோ அதிவேக டிஸ்க் என்றே நினைத்தேன். இல்லை. கூடைக்குப் பக்கத்தில் நின்று போடுவதற்கென்றே செய்யப்பட்ட, இருப்பதிலேயே மெதுவான வகையான புட்டர். அதே வாரம் நான் வாங்கிய என் முதல் டிஸ்கிலோ 12 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. நான் எறிந்தால் அது முப்பது மீட்டரைத் தாண்டுவதற்குள் இடப்பக்கம் கவிழ்ந்து புல்லில் குத்தி நிற்கும். பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பழுது டிஸ்கில் இல்லை, அந்த 12-ஐ நான் படித்த விதத்தில் இருந்தது.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: கோல்ஃப் போலத்தான், ஆனால் பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த வீச்சுகளில் முடிப்பவர் வெற்றியாளர். ஒரு தட்டை வைத்துக்கொண்டு ஆடுவதில்லை. பை நிறைய வெவ்வேறு தட்டுகள் இருக்கும். ஏன் வெவ்வேறு என்பதில்தான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்கிறது.

கடற்கரை ஃப்ரிஸ்பீ வேறு, இது வேறு

ஃப்ரெட் மாரிசன் என்பவர் உருவாக்கிய பிளாஸ்டிக் தட்டை வாம்-ஓ நிறுவனம் 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு ஃப்ரிஸ்பீ என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். அங்கே வேலை பார்த்த எட் ஹெட்ரிக் தட்டின் மேல்பரப்பில் வளையக் கோடுகள் போட்டு, பறப்பதை நிதானப்படுத்தி, 1967-ல் காப்புரிமை வாங்கினார். பின்னாளில் சங்கிலிக் கூடையை வடிவமைத்தவரும், 1976-ல் பி.டி.ஜி.ஏ. என்ற தொழில்முறைச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. ஆனால் அந்தக் காலத்தில் எறிந்ததெல்லாம் பிடித்து விளையாடும் சாதாரண ஃப்ரிஸ்பீதான்.

திருப்பம் 1983-ல் வந்தது. டேவ் டனிபேஸ் என்பவர் விளிம்பைச் சாய்வாகச் சீவிய டிஸ்கைக் கொண்டுவந்தார். இன்னோவா நிறுவனம் பிறந்ததும் அதோடுதான். பழைய ஃப்ரிஸ்பீயின் ஓரம் தாம்பாளத்தின் ஓரம் போல மொத்தமாக வளைந்து இறங்கும். புதியதன் ஓரம் உளிமுனை போலக் காற்றைப் பிளந்துகொண்டு போகும்.

அல்டிமேட் என்ற, ஃப்ரிஸ்பீயை வீசிப் பிடித்து ஆடும் குழு ஆட்டத்தில் பயன்படும் தட்டின் எடை 175 கிராம், குறுக்களவு சுமார் 27 சென்டிமீட்டர். தூரம் எறியும் கோல்ஃப் டிஸ்கும் ஏறக்குறைய அதே 175 கிராம்தான், குறுக்களவோ 21 சென்டிமீட்டர் சொச்சம். அதே எடையைச் சிறிய வட்டத்துக்குள் அடைத்து, ஓரத்தில் குவித்திருக்கிறார்கள். அதனால்தான் கோல்ஃப் டிஸ்கை யாரும் பிடித்து விளையாடுவதில்லை. விரலில் பட்டால் தெரியும்.

மிதப்பது எப்படி

ஓடும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்திருப்பீர்கள் (நடத்துநர் திட்டியிருப்பார்). உள்ளங்கையைப் படுக்கையாக வைத்தால் காற்று வெட்டிக்கொண்டு போகும். முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் கை மேலே போகப் பார்க்கும். இன்னும் உயர்த்தினால் மேலே போவது நின்று பின்னால் தள்ளும். கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று கையை மேலே தள்ளுகிறது.

டிஸ்கும் இதையேதான் செய்கிறது. மேலே தள்ளும் விசைக்குத் தூக்குவிசை என்று பெயர், பின்னால் இழுப்பதற்கு இழுவை. எதிர்வரும் காற்றுக்கும் டிஸ்கின் தளத்துக்கும் நடுவில் உள்ள கோணம் தாக்குகோணம். இந்த மூன்று சொற்கள் இருந்தால் மிச்சக் கட்டுரைக்குப் போதும்.

வேகமாகப் போகும் டிஸ்குக்குச் சின்னத் தாக்குகோணமே போதும், தேவையான தூக்குவிசை கிடைத்துவிடும். வேகம் குறையக் குறைய டிஸ்க் கீழே இறங்க ஆரம்பிக்கும். இறங்கும்போது காற்று அடியிலிருந்து வந்து மோதும், தாக்குகோணம் தானாகவே பெரிதாகும். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் இதைத் தேடி வருவோம்.

பம்பரத்திடம் கேட்க வேண்டிய கேள்வி

வலக்கைக்காரர் ஒருவர் மார்புக்குக் குறுக்கே கையை மடித்து, புறங்கை முன்னால் போக எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். இனி இந்தக் கட்டுரை முழுக்க அவர்தான் எறியப்போகிறார். மேலிருந்து பார்த்தால் டிஸ்க் வலஞ்சுழியாக, கடிகார முள் போகும் திசையில் சுற்றும். இடக்கைக்காரர் எறிந்தாலோ, குளத்தில் தட்டைக்கல்லைத் தத்தவிடுவதுபோல வலக்கையால் பக்கவாட்டில் எறிந்தாலோ எல்லாமே தலைகீழாகும்.

இவர் நேராக எறிந்த டிஸ்க் முதலில் நேராகவோ சற்றே வலப்பக்கமோ போகும், கடைசியில் இடப்பக்கம் சாய்ந்து விழும். எல்லா டிஸ்கும் கூடக்குறைய இப்படித்தான். ஏன்?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் உடனே சொல்லும் பதில் "ஸ்பின்". சுழலும் பந்து காற்றில் வளைகிறதல்லவா, அதுபோல. பந்துக்குச் சரி. டிஸ்கில் அந்த விளைவு கணக்கில் எடுக்க வேண்டாத அளவுக்குச் சின்னது. சுழற்சி இங்கே செய்வது வேறு வேலை.

பம்பரம் விட்டவர்களுக்கு இது தெரியும். நிற்கும் பம்பரத்தைச் சாய்த்தால் பொத்தென்று விழும். சுழலும் பம்பரம் சாய்ந்தால் விழாது, தலை மெல்ல வட்டமடிக்கும். கீழே இழுக்கும் விசை அதைக் கீழே தள்ளாமல் பக்கவாட்டில் நகர்த்துகிறது. சுழலும் எந்தப் பொருளுக்கும் இந்தக் குணம் உண்டு: ஓர் இடத்தில் தள்ளினால், அதன் பலன் சுழலும் திசையில் கால் சுற்று தள்ளித்தான் தெரியும். இதைக் கைரோஸ்கோப் விளைவு என்பார்கள்.

இப்போது டிஸ்குக்கு வருவோம். காற்று தரும் தூக்குவிசை டிஸ்கின் நட்டநடுவில் ஊன்றி நிற்பதில்லை. தாக்குகோணம் பெரிதாக இருந்தால் முன்பக்கத்துக்கு நகரும், டிஸ்கின் மூக்கை, அதாவது முன்விளிம்பை, தூக்கப் பார்க்கும். சுழலாத தட்டாக இருந்தால் மூக்கு தூக்கிக் குட்டிக்கரணம் போட்டிருக்கும். சுழல்கிறதே! மூக்கைத் தூக்கும் தள்ளலின் பலன் வலஞ்சுழியில் கால் சுற்று தள்ளி, வலப்பக்க ஓரத்தில் தெரிகிறது. வலது ஓரம் உயர, டிஸ்க் இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த டிஸ்கின் தூக்குவிசையும் சாய்ந்து, டிஸ்கை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

கடைசியில் இடது பக்கம் விழுவதன் ரகசியம் அவ்வளவுதான். வேகம் குறைந்தது, டிஸ்க் இறங்கியது, தாக்குகோணம் பெருத்தது, மூக்கில் தள்ளல் விழுந்தது, வலது ஓரம் எழுந்தது.

இதன் மறுபாதி, பறப்பின் முதல் பகுதியில் நடக்கிறது. டிஸ்க் மிக வேகமாகப் போகும்போது தாக்குகோணம் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அப்போது தூக்குவிசை நடுவுக்குப் பின்னால் விழ வாய்ப்புண்டு. பின்பக்கம் உயரப் பார்க்க, பலன் இடது ஓரத்தில் தெரியும். டிஸ்க் வலப்பக்கம் சாயும்.

சுருக்கிச் சொன்னால், டிஸ்க் வேகமாகப் போகையில் வலப்பக்கம், தளர்கையில் இடப்பக்கம். எந்த டிஸ்க் எவ்வளவு வலம், எவ்வளவு இடம் என்பதைத் தீர்மானிப்பது விளிம்பின் வடிவம்.

விளிம்பில் இருக்கிறது விஷயம்

டிஸ்க் இரண்டு பாதி அச்சுகளுக்கு நடுவில் வார்க்கப்படுகிறது. அந்த இரண்டும் சேரும் இடம் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடாகத் தெரியும். விரலால் தடவினால் தட்டுப்படும். தரையில் வைத்த டிஸ்கில் அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கோடு உயரே இருந்தால் மூக்கு உயர்ந்திருக்கிறது என்று பொருள், அந்த டிஸ்க் இடப்பக்கம் போகவே அடம்பிடிக்கும். கோடு தாழ இருந்தால் வலப்பக்கம் சாயச் சம்மதிக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசமே கண்ணுக்குத் தெரியும்படி பறப்பை மாற்றிவிடும்.

இடப்பக்கம் அடம்பிடிப்பது ஓவர்ஸ்டேபிள், வலப்பக்கம் சாய்வது அண்டர்ஸ்டேபிள், நடுவாந்தரம் ஸ்டேபிள். இந்தப் பெயர்களை வைத்தவர்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஸ்டேபிள் என்றால் நிலையானது என்று பொருள்படுத்திக்கொண்டு, ஓவர்ஸ்டேபிள் இன்னும் நிலையானது, ஆகவே இன்னும் நேராகப் போகும் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். கடையில் நின்றுகொண்டு நானும் அப்படித்தான் நினைத்தேன். அது நேராகப் போவதைப் பற்றிய சொல்லே அல்ல, எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைப் பற்றியது.

விளிம்பின் அகலம் இன்னொரு சங்கதி. புட்டரின் விளிம்பு சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம், மழுங்கலாக இருக்கும். தூரம் எறிவதற்கான டிரைவரில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல், கூர்மையாக இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்டது மிட்ரேஞ்ச். அகலமான விளிம்பு இழுவையைக் குறைக்கும், எடையையும் ஓரத்துக்குத் தள்ளும். தையல் மெஷினின் சக்கரம் ஓரத்தில் கனமாக இருப்பதால் மிதிப்பதை நிறுத்தியும் சுற்றுகிறதே, அதே கணக்கு. எம்.வி.பி. என்ற நிறுவனம் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோய், உள்தட்டை ஒரு பிளாஸ்டிக்கிலும் வெளிவளையத்தை அதைவிடக் கனமான பிளாஸ்டிக்கிலும் வார்க்கிறது.

நினைத்தபடியெல்லாம் வார்த்துவிட முடியாது. போட்டிக்குரிய டிஸ்க் 21 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, விளிம்பின் அகலம் 2.6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, எடை ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுக்கு 8.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்று பி.டி.ஜி.ஏ. வரம்பு கட்டியிருக்கிறது. முனை எவ்வளவு கூராக இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பூங்காவில் குழந்தைகளும் நடக்கிறார்கள் அல்லவா?

அந்த நான்கு எண்கள்

டிஸ்கின் மேல் வரிசையாக நான்கு எண்கள் இருக்கும்: ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேடு. இன்னோவா தொடங்கிய முறை, இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றுகின்றன.

கடைசி இரண்டு ஏற்கெனவே நமக்குத் தெரிந்தவை. டர்ன் என்பது வேகமாக இருக்கும்போது வலப்பக்கம் சாயும் குணம். மைனஸ் எண் பெரிதானால் சாய்வும் அதிகம். ஃபேடு என்பது தளரும்போது இடப்பக்கம் இழுப்பது. கிளைடு என்பது காற்றில் தங்கும் திறன். மேல்பக்கம் குமிழாக உப்பியிருந்தால் பொதுவாக இது கூடும்.

சண்டையெல்லாம் முதல் எண்ணோடுதான். ஸ்பீடு 12 என்றால், எறிந்தால் அந்த வேகத்தில் போகும் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். மின்விசிறியின் ரெகுலேட்டரில் 5 வைத்தால் வேகமாகச் சுற்றுகிறதே, அப்படி. டிஸ்குக்குள் மோட்டார் எதுவும் இல்லை. அந்த எண் டிஸ்க் நமக்குத் தரும் வேகமல்ல, டிஸ்க் நம்மிடம் கேட்கும் வேகம். இவ்வளவு வேகமாக எறிந்தால்தான் மீதி மூன்று எண்களில் சொன்னபடி பறப்பேன் என்கிறது.

கொடுக்காவிட்டால்? மேலே சொன்ன பம்பரக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 12 கேட்கும் டிஸ்கை அதில் பாதி வேகத்தில் எறிந்தால், கையை விட்ட உடனேயே அது தளர்ந்த டிஸ்க்தான். தாக்குகோணம் ஆரம்பத்திலேயே பெரிது, மூக்கில் தள்ளல் ஆரம்பத்திலேயே விழுகிறது. வலப்பக்கம் சாயும் கட்டமே வராது, நேரே கடைசிக் கட்டமான ஃபேடு. என் டிஸ்க் முப்பது மீட்டரில் கவிழ்ந்தது இதனால்தான்.

இன்னோவாவின் டெஸ்ட்ராயருக்கு 12, 5, -1, 3. லெப்பர்டுக்கு 6, 5, -2, 1. புதிதாக எறிபவர் கையில் லெப்பர்டு டெஸ்ட்ராயரைவிடத் தூரம் போகும். எண்ணைப் பார்த்தால் நம்ப முடியாது, மைதானத்துக்கு வந்து பார்த்தால் வாதமே இருக்காது. அதே நிறுவனத்தின் புட்டரான ஏவியருக்கு 2, 3, 0, 1. கேட்பது 2 மட்டுமே, அதனால் யார் எறிந்தாலும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

இன்னொன்று: இந்த எண்களை அந்தந்த நிறுவனமே போட்டுக்கொள்கிறது. பி.டி.ஜி.ஏ. அளவையும் எடையையும்தான் சோதிக்கிறது, பறப்பதற்கு மதிப்பெண் போடுவதில்லை. ஒரு நிறுவனத்தின் 9, இன்னொன்றின் 9-க்குச் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. செருப்புக்கடையில் ஒரே அளவு எண், கம்பெனிக்குக் கம்பெனி காலில் வேறு மாதிரி உட்காருவதில்லையா?

பிளாஸ்டிக் பறப்பதில்லை, ஆனாலும்…

ஒரே பெயர், ஒரே எண்கள். ஒன்று விலை குறைவு, இன்னொன்று இரட்டிப்பு. விலை கூடியது தூரம் போகுமா?

பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, அழுத்தி, அச்சுக்குள் செலுத்தி வார்க்கிறார்கள். அச்சு ஒன்றுதான். வெளியே வந்ததும் ஆறும்போதுதான் வித்தியாசம் தொடங்குகிறது. ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் வெவ்வேறு அளவு சுருங்கும். ஒன்றில் மேல்பக்கம் உப்பும், இன்னொன்றில் தட்டையாக நிற்கும், விளிம்புக் கோடும் மயிரிழை ஏறி இறங்கும். ஒரே கல்லில் ஒரே மாவில் வார்த்தாலும் எல்லாத் தோசையும் ஒன்றுபோல் வராதது மாதிரி. ஆகவே பிளாஸ்டிக் மாறினால் பறப்பதும் மாறும் என்பது உண்மைதான்; வடிவம் வழியாக மாறுகிறது.

மலிவு வகை, இன்னோவாவில் டி.எக்ஸ். என்பார்கள், புதிதில் கைக்கு நல்ல பிடி தரும். மரத்தில் நாலு முறை மோதினால் ஓரம் நசுங்கும், சொரசொரக்கும். உயர்ந்த வகைகள், இன்னோவாவின் சாம்பியன், ஸ்டார், டிஸ்கிராஃப்ட் என்ற இன்னொரு நிறுவனத்தின் இசட், ஈ.எஸ்.பி. போன்றவை, பெரும்பாலும் டி.பி.யு. என்ற பாலியூரித்தேன் வகை. உங்கள் மொபைலின் வளையும் கவரைத் தொட்டுப் பாருங்கள், அநேகமாக அதே குடும்பம். மோதினாலும் வடிவம் மாறாமல் நீண்ட நாள் தாங்கும். கொடுத்த காசு தூரத்துக்கு அல்ல, அதற்குத்தான்.

அடிபட்ட டிஸ்க் வீண் என்றும் நினைக்க வேண்டாம். மோதி மோதி மூக்கு தாழும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அண்டர்ஸ்டேபிள் பக்கம் நகரும். ஒரே டிஸ்கைப் புதிது, பாதி தேய்ந்தது, நன்றாகத் தேய்ந்தது என்று மூன்றாகப் பையில் வைத்துக்கொள்ளும் ஆட்டக்காரர்கள் உண்டு. மூன்றும் மூன்று விதமாகப் பறக்கும். பழக்கிய தோசைக்கல்லை வீட்டில் யாரும் தூக்கிப்போட விடமாட்டார்கள், அந்தப் பாசம் இங்கேயும் இருக்கிறது. பாசத்தின் உச்சம் எட் ஹெட்ரிக். 2002-ல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்குகளாக வார்த்தார்கள்.

காற்றும் குளிரும்

டிஸ்குக்குத் தரையின் வேகம் தெரியாது, காற்றின் வேகம்தான் தெரியும். எதிர்காற்றில் எறிந்தால் அதற்குத் தான் அதிவேகத்தில் போவதாகவே படும், வலப்பக்கச் சாய்வு கூடும். பின்காற்றில் நேர்மாறு: சீக்கிரம் தளரும், சீக்கிரம் இடப்பக்கம் விழும். அதனால் எதிர்காற்றுக்கு ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் எடுப்பது வழக்கம். எடை குறைந்த டிஸ்கை வேகப்படுத்துவது எளிது, ஆனால் காற்று அதை அதிகம் அலைக்கழிக்கும்.

மலைப்பகுதியில் காற்று மெலிது, அங்கே எல்லா டிஸ்கும் கொஞ்சம் ஓவர்ஸ்டேபிளாக நடந்துகொள்ளும். குளிரில் பிளாஸ்டிக் விறைக்கும், பிடி நழுவும்.

2016-ல் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் எறிந்து உலகச் சாதனை படைத்தது நெவாடா பாலைவனத்தில், பலமான காற்று அடித்த நாளில். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நம் பூங்கா வீச்சை அளக்கப் போனால் மனம் உடைந்துவிடும்.

முதல் டிஸ்க் எது?

ஒரு புட்டர், ஒரு மிட்ரேஞ்ச். மிட்ரேஞ்சில் டிஸ்கிராஃப்டின் பஸ் (5, 4, -1, 1) போல நான்கு எண்களும் அடக்கமாக இருப்பது நல்லது. இரண்டும் எறிந்த தவறை மறைக்காமல் காட்டும். சாய்த்து எறிந்தால் சாய்ந்து போகும், மூக்கைத் தூக்கி எறிந்தால் மேலே ஏறி நின்று விழும். ஓவர்ஸ்டேபிள் டிரைவரோ எப்படி எறிந்தாலும் இடப்பக்கமே விழும், தவறு எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது. புட்டர் நேராக எழுபது மீட்டர் போக ஆரம்பித்த பிறகு 7 வேக டிஸ்கைத் தொடலாம். இது என் கணக்கு. பொறுமைசாலிகள் இன்னும் காத்திருப்பார்கள்.

என் 12-ஐ நான் விற்கவில்லை. பையின் அடியில் கிடக்கிறது. எதிர்காற்று ஓங்கி அடிக்கும் நாட்களில் மட்டும் எடுத்து எறிகிறேன். நான் கொடுக்க முடியாத வேகத்தில் கொஞ்சத்தைக் காற்று கொடுத்துவிடுகிறது. அன்றைக்கு மட்டும் அது கவிழாமல், நேராக, ஏறக்குறைய ஒரு டிரைவரைப் போலவே போகிறது.